கடற்கொள்ளையனுக்கு எந்த வகுப்பு பொருந்தும்?

பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் கடற்கொள்ளையனாக ஆட விரும்புபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிநூலில், பாத்திரத்தின் தொழிலையும் திறன்களையும் தீர்மானிக்கும் வகுப்புகள் பன்னிரண்டு இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்குக்கூடக் கடற்கொள்ளையன் என்று பெயரில்லை. ரோக் எடுத்தால் திருடனாகிவிடுமோ, ஃபைட்டர் எடுத்தால் வெறும் படைவீரனாகிவிடுமோ என்ற தயக்கத்திலேயே முதல் அமர்வு நெருங்கிவிடுகிறது.

இந்தத் தயக்கத்தில் பாதியை வகுப்புகளின் பக்கத்துக்குப் போகாமலேயே தீர்த்துவிடலாம். அதே நூலில், பாத்திரத்தின் முன்வாழ்க்கையைக் குறிக்கும் பின்னணிகளுள் மாலுமி என்று ஒன்று இருக்கிறது. அத்லெடிக்ஸ், பெர்செப்ஷன் ஆகிய இரண்டு திறன்களிலும், மாலுமிக் கருவிகளிலும், நீர் வாகனங்களைச் செலுத்துவதிலும் அது தேர்ச்சி தருகிறது. கூடவே ஐம்பது அடி பட்டுக்கயிறும் கொடுக்கிறது. அதன் ஒரு வகையாகவே கடற்கொள்ளையன் அங்கே இடம்பெறுகிறான். அவனுக்குரிய சலுகையின் பெயர் கெட்ட பெயர். துறைமுகத்தில் அவனைக் கண்டு ஊர் அஞ்சுவதால், மதுக்கடையில் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் எழுந்து போவது போன்ற சில்லறைக் குற்றங்களை யாரும் காவலரிடம் கொண்டுபோவதில்லை. இந்தப் பின்னணியை மந்திரவாதிக்கும் கொடுக்கலாம், பூசாரிக்கும் கொடுக்கலாம். எனவே கடற்கொள்ளையன் என்ற அடையாளத்தைப் பின்னணி சுமந்துகொள்ளும். வகுப்பு விடைசொல்ல வேண்டிய கேள்வி வேறு: அந்தக் கப்பலில் அவனுக்கு என்ன வேலை?

இந்தப் பின்னணியும் கட்டாயமன்று. பார்படோஸ் தீவில் நிலக்கிழாராக இருந்த ஸ்டீட் பானெட், 1717இல் கடல் அனுபவம் ஏதுமின்றிச் சொந்தக் காசில் கப்பல் வாங்கி, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கொள்ளைக்குப் புறப்பட்டார். அவரைப் போன்ற ஒருவரை உருவாக்க வேண்டுமானால் பிரபு என்ற பின்னணியே சரி.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது மேல்தளச் சண்டை. கப்பலின் தளம் குறுகலானது. ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். கயிறும் பாய்மரமும் குறுக்கே வரும். விளிம்புக்கு அப்பால் தண்ணீர். எதிரியைக் கொல்லாமல் தள்ளிவிட்டாலே அவன் சண்டையிலிருந்து விலகிவிடுவான் என்பதால், தள்ளும் திறனுக்கு நிலத்தில் இல்லாத மதிப்பு இங்கே உண்டு.

இரண்டாவது, தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பது. பாத்திரத்தை உருவாக்கும்போது பலர் இதைப் படிப்பதேயில்லை. நீந்தும் வேகம் என்ற தனித்தன்மை இல்லாதவர் நீருக்கடியில் கைகலப்பு ஆயுதத்தால் தாக்கினால், இருபதுமுகப் பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் டிஸ்அட்வான்டேஜ் என்கிறோம். குத்துவாள், எறிஈட்டி, குறுவாள், ஈட்டி, திரிசூலம் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கடற்கொள்ளையர் என்றதும் நம் நினைவுக்கு வரும் மெல்லிய நேர்வாளான ரேப்பியரும், கொள்ளையரின் குட்டை வளைவாளான கட்லாஸுக்கு நெருக்கமான சிமிட்டரும் இந்தப் பட்டியலில் இல்லை. கவசத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உடலுறுதியைக் குறிக்கும் கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ளவர் மூன்று நிமிடம் மூச்சை அடக்கலாம். கனமான கவசத்தைக் கழற்ற ஐந்து நிமிடம் ஆகும். கனமான கவசம் அணிந்தவர் மூழ்கிவிடுவார் என்று விதிநூல் சொல்லவில்லை, ஆனால் கடல் கதை நடத்தும் டி.எம். (ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்) பலர் தாமாகவே அப்படியொரு விதியைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, பேச்சு. வரலாற்றுக் கடற்கொள்ளையர்கள் சண்டையை விரும்பியவர்கள் அல்லர். கொடியைக் காட்டி அச்சுறுத்தி, வணிகக் கப்பலைச் சேதமின்றிச் சரணடைய வைப்பதே அவர்களுக்கு இலாபம். நான்காவது, பாத்திரம் நினைத்த வடிவத்துக்கு, அனுபவத்தால் உயரும் நிலைகளுள் எதில் வந்துசேர்கிறது என்பது. பல ஆட்டங்கள் பத்தாம் நிலையைத் தொடும் முன்பே கலைந்துவிடுகின்றன; பதின்மூன்றாம் நிலையில் கிடைக்கும் அழகான திறனை நம்பி இன்று வகுப்பைத் தேர்வது வீண். கடைசியாக, கதை கரையேறிவிட்டால் அந்த வகுப்புக்கு என்ன மிஞ்சும் என்பதையும் பார்க்க வேண்டும்.

## ரோக்: சுவாஷ்பக்லர்

பெரும்பாலோர் முதலில் சொல்லும் பதில் இதுதான். அதற்குக் காரணமும் உண்டு. 2015இன் சோர்ட் கோஸ்ட் அட்வென்ச்சரர்ஸ் கைடிலும், பிறகு 2017இன் சனாதார்ஸ் கைடிலும் வெளிவந்த இந்த உட்பிரிவு மூன்றாம் நிலையில் கிடைக்கிறது. இதை எடுத்தவர் யாரைக் கைகலப்பில் தாக்குகிறாரோ, அவரால் இவருடைய முறை முடியும்வரை, இவர் விலகிச் செல்லும்போது இடைவெட்டாகத் தாக்க முடியாது. கயிற்றில் தாவி எதிரிக் கப்பலில் இறங்குகிறார், சுக்கான் பிடித்தவனை இடக்கை வலக்கைக் குறுவாள்களால் இரண்டு முறை குத்துகிறார், அவன் திரும்புவதற்குள் பாய்மரத்தின் மறுபக்கம் போய்விடுகிறார். மற்ற ரோக்குகள் இப்படி விலகுவதற்குத் தங்கள் துணைச்செயலான போனஸ் ஆக்‌ஷனைச் செலவிட வேண்டும். இவர் அதை இரண்டாவது குறுவாளுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் குத்து தவறினாலும் ஸ்னீக் அட்டாக் என்னும், கூடுதல் சேதம் தரும் பதுங்கித் தாக்கும் திறனுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. ஆளுமையைக் குறிக்கும் கரிஸ்மா மதிப்பு சண்டையில் முந்திக்கொள்ளவும் உதவுவதால், வாய்ச்சாலகம் உள்ள வாள்வீரன் என்ற வடிவம் விதியிலேயே பொருந்திவிடுகிறது. நான்கு திறன்கள், அவற்றில் இரண்டில் இரட்டைத் தேர்ச்சி என்பதால் கரையிலும் இவர் சும்மா இருக்க மாட்டார்.

மறைமுகச் செலவுகள் மூன்று. முதலாவது, இந்த உட்பிரிவு தனிச்சண்டைக்காக எழுதப்பட்டது. எதிரியும் இவரும் மட்டும் ஐந்தடிக்குள் நின்றால் ஸ்னீக் அட்டாக் தானாகக் கிடைக்கும். கூட்டாளி ஒருவர் அந்த எதிரியின் அருகில் இருந்தாலும் பழைய விதிப்படி கிடைக்கும். ஆனால் கூட்டாளி இல்லாத இடத்தில் இரண்டு எதிரிகள் நெருங்கிவிட்டால் இரண்டு வழியும் அடைபட்டுவிடும். 1718 நவம்பர் 22 அன்று அமெரிக்கக் கரையோரத் தீவான ஓக்ரகோக் அருகே கடற்கொள்ளையர் பிளாக்பியர்டுக்கு நேர்ந்தது இத்தகைய சூழலே. அவரைப் பிடிக்க வந்த கடற்படை லெப்டினன்ட் மேனார்ட் தன் ஆட்களைத் தளத்தின் கீழே ஒளித்துவைத்திருந்தார். சிலர்தான் மிச்சம் என்று நம்பி ஏறியவரைப் பலர் சூழ்ந்துகொண்டார்கள். எட்டுமுகப் பகடையில் உயிர்ப்புள்ளி பெறும் ரோக் அப்படிப்பட்ட நெரிசலில் நெடுநேரம் நிற்க முடியாது.

இரண்டாவது செலவு தண்ணீர். டிஸ்அட்வான்டேஜ் வந்தால் ஸ்னீக் அட்டாக் குறைவதில்லை, முழுவதுமாகப் போய்விடுகிறது. ரேப்பியர் ஏந்திய ஐந்தாம் நிலை சுவாஷ்பக்லர் தளத்தில் சராசரியாக 19 சேதம் விளைவிப்பார். நீருக்கடியில் அதே ரேப்பியரால் 8 அல்லது 9, அதுவும் பட்டால். இடுப்பில் ஒரு குத்துவாள் இருந்தால் இது தீர்ந்துவிடும், ஆனால் அது இருக்க வேண்டும். மூன்றாவது சிறியது, எரிச்சலூட்டுவது: 2014 விதிகளில் ரோக்குக்குச் சிமிட்டரில் தேர்ச்சி இல்லை. குறுவாளின் சேதமும் ஆறுமுகப் பகடைதான் என்பதால், குறுவாளை எடுத்துக்கொண்டு அதையே கட்லாஸ் என்று அழைத்துவிடலாம், எந்த டி.எம்.மும் மறுக்கப்போவதில்லை.

## ஃபைட்டர்: பேட்டில் மாஸ்டர்

புதிதாக ஆடுபவர் என்னிடம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஃபைட்டர் என்றதும் இரும்புக்கவசம் பூட்டிய படைவீரனே கண்முன் வருவதால், கடற்கொள்ளையனுக்கு இந்த வகுப்பைப் பலர் கருத்தில் கொள்வதே இல்லை. கனமான கவசம் அணியத் தெரியும் என்பதற்காக அணிந்தே ஆக வேண்டும் என்றில்லை. சுறுசுறுப்பைக் குறிக்கும் டெக்ஸ்டெரிட்டியை உயர்த்தி, குமிழ் பதித்த தோல்கவசம் போட்டு, ரேப்பியர் ஏந்தி, ஒற்றைவாள் சண்டைமுறையைத் தேர்ந்தெடுத்தால் ஐந்தாம் நிலையில் இரண்டு தாக்குதல்களும் பட்டு சராசரி 21 சேதம் வரும். ரோக்கின் 19உடன் ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இந்த எண் எத்தனை பேர் சூழ்ந்தாலும் மாறுவதில்லை. பத்துமுகப் பகடையில் உயிர்ப்புள்ளி, மூச்சு வாங்கி மீண்டெழும் செகண்ட் விண்ட், ஒரே சுற்றில் இரண்டு முறை செயல்படவைக்கும் ஆக்‌ஷன் சர்ஜ் ஆகியவையும் சேர்கின்றன.

மூன்றாம் நிலையில் பேட்டில் மாஸ்டர் ஆகும்போதுதான் கப்பல் தளம் இவருடையதாகிறது. நான்கு எட்டுமுகப் பகடைகள் கிடைக்கும். சிறு ஓய்வு எடுத்தாலே அவை திரும்பிவிடும். அவற்றைச் செலவிட்டுச் செய்யும் உத்திகளில் ஒன்று, வாள் பட்ட எதிரியைப் பதினைந்து அடி வரை தள்ளிவிடுகிறது. எதிரி வலிமைக்கான ஸ்ட்ரெங்த் சோதனையில் தப்பலாம் என்பது உண்மை. தப்பாவிட்டால், இருபது அடி அகலமுள்ள தளத்தில் அவன் போய் விழும் இடம் பெரும்பாலும் கடல்தான். கையிலிருக்கும் ஆயுதத்தைத் தட்டிவிடும் உத்தியும் உண்டு. இவர் தன் தாக்குதல்களில் ஒன்றை விட்டுக்கொடுத்து, கூட்டாளி ஒருவரை உடனே தாக்கவைக்கும் உத்தியும் உண்டு. அந்தக் கூட்டாளி ரோக் என்றால், அவர் தன் முறைக்கு வெளியே இன்னொரு ஸ்னீக் அட்டாக் அடிப்பார். கப்பல் தலைவன் கத்திக் கட்டளையிடும் காட்சி விதிநூலில் இதற்குமேல் தெளிவாக எங்கும் இல்லை.

செலவு, சண்டை ஓய்ந்த பிறகு தெரியும். ஃபைட்டரின் திறன் பட்டியலில் மிரட்டல் இருக்கிறது. இணங்கவைத்தல், ஏமாற்றுதல், மறைந்து செல்லுதல் மூன்றும் இல்லை. ஆளுநரின் விருந்தில் வேறு பெயரில் நுழைய வேண்டிய அமர்வில் இவர் வாசலில் காவல் நிற்பார். உங்கள் டி.எம். கதையில் அப்படிப்பட்ட அமர்வுகளே மிகுதி என்றால், ரோக்கோ பார்டோ மேல்.

### துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வி எப்படியும் வரும். 2014இன் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் கைத்துப்பாக்கி விருப்ப விதியாக இருக்கிறது: விலை 250 பொன், சேதம் பத்துமுகப் பகடை, தூரம் முப்பது அடி. அதைக் கையாளத் தேர்ச்சி உண்டா என்பது முழுக்க டி.எம்.மின் முடிவு. பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. மருந்து இட்டுச் சுட வேண்டிய ஆயுதம் என்பதால், எத்தனை தாக்குதல்கள் இருந்தாலும் ஒரு செயலுக்கு ஒரு குண்டுதான். எனவே நிலை உயர உயரத் துப்பாக்கி ஃபைட்டரின் கையில் மதிப்பிழக்கிறது. அவர் ஒரு குண்டு சுட்டு, மற்றத் தாக்குதலை வாளுக்கு விட வேண்டும். ரோக்குக்கு அந்தக் கவலை இல்லை. சுற்றுக்கு ஒருமுறை பட்டாலே அவருடைய ஸ்னீக் அட்டாக் முழுமையாகச் சேர்ந்துவிடும். ஃபைட்டர் துப்பாக்கியையே நம்பி ஆட விரும்பினால், 2020இன் டாஷாஸ் கால்ட்ரன் நூலில் உள்ள கன்னர் என்ற ஃபீட் (சிறப்புத் திறமை) இந்தத் தடையை நீக்குகிறது, ஆனால் ஒரு திறன் உயர்வைப் பலி கொடுக்க வேண்டும். பிளாக்பியர்டு மார்பில் பல துப்பாக்கிகளைக் கட்டிக்கொண்டு திரிந்ததாகச் சொல்லப்படுவதும் இந்தச் சிக்கலால்தான். மருந்திட நேரமில்லாதபோது அடுத்ததை உருவுவதே வழி.

## பார்ட்: வாள் கல்லூரி

கப்பலில் பாட்டுக்காரனுக்கு என்ன வேலை என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். கடற்கொள்ளையர் தலைவர் பார்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பல் ஒப்பந்தத்தில் இசைக்கலைஞர்களுக்கென்றே தனி விதி இருந்தது: ஓய்வுநாளில் அவர்களுக்கு ஓய்வு, மற்ற ஆறு நாளும் இரவும் தனிச்சலுகை இல்லாமல் ஓய்வில்லை. கேட்ட நேரத்தில் வாசித்தாக வேண்டும் என்பது அதன் பொருள்.

சனாதார்ஸ் கைடில் உள்ள வாள் கல்லூரி என்ற உட்பிரிவு மூன்றாம் நிலையில் நடுத்தரக் கவசமும் சிமிட்டர் தேர்ச்சியும் தருகிறது, ஆறாம் நிலையில் இரண்டாவது தாக்குதலும் சேர்கிறது. எந்த மூன்று திறன்களையும் தேர்ந்துகொள்ளலாம். இரண்டாம் நிலையிலிருந்து தேர்ச்சி இல்லாதவற்றிலும் பாதித் தேர்ச்சி. பேச்சு என்ற அளவுகோலில் இவருக்கு நிகரில்லை. கப்பல் தலைவன் பதவி வாக்கெடுப்பில் தீர்மானிக்கப்படும் ஆட்டமென்றால் இவர்தான் ஜெயிப்பார்.

ஆனால் இவர் கையிருப்பு சிறியது. கூட்டாளிகளை ஊக்குவிக்கும் பகடையும், வாளைச் சுழற்றி எதிரியைத் தள்ளும் வித்தைக்கான பகடையும் ஒன்றே. கரிஸ்மா 16 என்றால் ஒரு நாளைக்கு மூன்று. ஐந்தாம் நிலைவரை நீண்ட ஓய்வெடுத்தால்தான் அவை திரும்பும். தனக்குச் செலவிட்டால் கூட்டாளி முகம் சுளிப்பார், கூட்டாளிக்குக் கொடுத்தால் வாள் வெறும் வாள். முதல் இரண்டு நிலைகளில் மெல்லிய கவசத்தோடு கொள்ளைக்கு முன்வரிசையில் ஏறுவது ஆபத்து. மந்திரங்களின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால், முதன்முறை ஆடுபவருக்கு நான் இதைச் சொல்வதில்லை.

## பார்பேரியன்

கவசமே இல்லாமல் தற்காப்பு, பன்னிரண்டுமுகப் பகடையில் உயிர்ப்புள்ளி, சினம் கொண்டிருக்கையில் ஸ்ட்ரெங்த் சோதனைகள் அனைத்திலும் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வது). விளிம்பில் நிற்பவனைப் பிடித்துத் தள்ளுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை, பகடைச் செலவும் இல்லை. ஸ்டார்ம் ஹெரால்ட் உட்பிரிவில் கடலைத் தேர்ந்தால் ஆறாம் நிலையில் நீருக்கடியில் மூச்சும் நீந்தும் வேகமும் வரும். சிக்கல் என்னவென்றால், சினத்தின் கூடுதல் சேதம் ஸ்ட்ரெங்த் கொண்டு அடித்தால் மட்டுமே சேரும். நளினமான வாள்வீரன் என்ற கற்பனையை மறந்துவிட வேண்டும். தொடக்கத்தில் நாளைக்கு இரண்டு முறைதான் சினம் வரும், ஒரே நாளில் மூன்று சண்டை நடந்தால் மூன்றாவதில் இவர் சாதாரண ஆள்.

## ஆழ்கடலுக்கு அடிமையானவர்கள்: வார்லாக், கிளெரிக்

டாஷாஸ் கால்ட்ரனில் உள்ள ஃபாதம்லெஸ் என்ற, எஜமானோடு ஒப்பந்தம் செய்து சக்தி பெறும் வார்லாக்கின் உட்பிரிவும், பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் டெம்பெஸ்ட் கிளெரிக் என்னும் பூசாரியும் முதல் நிலையிலேயே முழு வடிவத்துக்கு வந்துவிடுகின்றன. நான்காவது அளவுகோலில் இவற்றுக்கு இணையில்லை. ஃபாதம்லெஸ் வார்லாக் முதல் அமர்விலேயே நீருக்கடியில் மூச்சுவிடுவார், நாற்பது அடி நீந்துவார், அறுபது அடிக்குள் எங்கும் ஒரு கணவாய்க்கையை எழுப்பி எதிரியை அறைந்து வேகத்தைக் குறைப்பார். நீந்தும் வேகம் இருப்பதால் மேலே சொன்ன ஆயுதத் தடை அவருக்கு இல்லை. மற்ற வகுப்புகள் கப்பலிலிருந்து விழுவதை அஞ்சுகையில் இவர் வேண்டுமென்றே குதிப்பார். பத்தாம் நிலைவரை ஒரு சிறு ஓய்வுக்கு அதிகபட்சம் இரண்டே மந்திரம் என்பது ஒரு விலை. பெரிய விலை வேறு: கதை பாலைவனத்துக்கோ சுரங்கத்துக்கோ போனால் பாதித் திறன்கள் உறங்கிவிடும், ஆழத்திலுள்ள எஜமானுக்கு என்ன வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமையும் டி.எம்.மிடம் போய்விடும்.

டெம்பெஸ்ட் கிளெரிக் அவ்வளவு கடலைச் சார்ந்தவர் அல்லர். மூடுபனியைக் கிளப்பித் துரத்தும் கப்பலின் கண்ணை மறைக்கலாம், இடிமுழக்கத்தால் ஏறிவருபவர்களைப் பத்தடி தள்ளலாம், பின்னாளில் நீரோட்டத்தையே கட்டுப்படுத்தலாம். கரையில் குணப்படுத்துபவராகத் தொடரலாம். கனமான கவசத்தின் ஆசை மட்டும் ஆபத்து.

## ஒரே பார்வையில்

| வகுப்பு | வடிவம் வரும் நிலை | நெரிசலான தளம் | தண்ணீரில் | பேச்சு | கப்பலில் வேலை |
|---|---|---|---|---|---|
| ரோக் | 3 | ஒருவருக்கொருவர் எனில் சிறப்பு | குத்துவாள் இருந்தால் சரி | நன்று | உளவு, முதலில் ஏறுபவர் |
| ஃபைட்டர் | 3 | மிக நன்று | ஆயுதத்தைப் பொறுத்தது | மிரட்டல் மட்டும் | தலைவர், துணைத்தலைவர் |
| பார்ட் | 3, முழுமை 6இல் | சுமார் | சுமார் | மிகச் சிறப்பு | குவார்ட்டர்மாஸ்டர் |
| பார்பேரியன் | 3, கடல் திறன் 6இல் | மிக நன்று | 6க்குப் பின் நன்று | குறைவு | போசன் (கப்பல் பராமரிப்பாளர்) |
| ஃபாதம்லெஸ் | 1 | தூர நின்றால் நன்று | மிகச் சிறப்பு | நன்று | வழிகாட்டி |
| டெம்பெஸ்ட் | 1 | நன்று | கவசத்தைப் பொறுத்தது | சுமார் | மருத்துவர் |

கடைசி நெடுவரிசையில் பெரும்பாலானவற்றை நான் கற்பனையாக இடவில்லை. 2019இல் வந்த கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷ் நூலில் கப்பல் அதிகாரிகளாகத் தலைவர், துணைத்தலைவர், போசன், குவார்ட்டர்மாஸ்டர், மருத்துவர், சமையல்காரர் என ஆறு பதவிகள் தரப்பட்டிருக்கின்றன. குழுவில் மற்றவர்கள் எந்தப் பதவியை எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டுவிட்டு வகுப்பைத் தேர்ந்தால், மூன்று பேரும் ரேப்பியர் ஏந்திய சுவாஷ்பக்லர்களாக வந்து நிற்கும் அவலம் நேராது. பார்டைக் குவார்ட்டர்மாஸ்டர் என்று போட்டதற்கும் காரணம் உண்டு. வரலாற்றில் ஆட்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, கொள்ளைப்பொருளைப் பங்கிட்டு, சண்டை நடக்காத நேரத்தில் தலைவனையே தட்டிக்கேட்டவர் அவர்தான்.

இயற்கையை அறிந்த வேட்டைக்காரரான ரேஞ்சரையும் ஒதுக்க வேண்டாம். கொள்ளையரோடு திரிந்தபடியே காற்றையும் நீரோட்டத்தையும் செடிகொடிகளையும் குறித்துவைத்து 1697இல் பயண நூல் வெளியிட்ட வில்லியம் டாம்பியரைப் போன்ற பாத்திரத்துக்கு, கடலோரத்தைப் பழகிய நிலமாகத் தேர்ந்த ரேஞ்சர் அளவெடுத்துத் தைத்த சட்டை.

## 2024 விதிகளில் ஆடுபவர்களுக்கு

2024இல் திருத்தப்பட்ட பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை வைத்து ஆடினால் மேலே உள்ள கணக்கில் சில மாறும். எல்லா வகுப்புகளின் உட்பிரிவும் மூன்றாம் நிலையில்தான் தொடங்குவதால், வார்லாக்கும் கிளெரிக்கும் முதல் நிலையில் முந்திக்கொள்ளும் வசதி போய்விட்டது. ரோக்குக்குச் சிமிட்டர் தேர்ச்சி வந்துவிட்டது. மாலுமிப் பின்னணியோடு டாவெர்ன் பிராலர் ஃபீட் சேர்ந்து வருவதால், யாராக இருந்தாலும் சுற்றுக்கு ஒருமுறை கைமுட்டியால் அடித்து ஐந்தடி தள்ளலாம், விளிம்பில் நிற்பவனுக்கு அதுவே போதும். ஆனால் சுவாஷ்பக்லரும் வாள் கல்லூரியும் அந்த அடிப்படை நூலில் இடம்பெறவில்லை. பழைய நூலிலிருந்து அவற்றை எடுத்துவர டி.எம். சம்மதிக்கிறாரா என்று பாத்திரத் தாளை நிரப்பும் முன்பே கேட்டுவிடுங்கள். மறுத்தால், பேட்டில் மாஸ்டர் அந்த நூலிலேயே இருக்கிறது.